விளக்கு வைத்த பிறகு ஒரு பெட்டரி

கரவனெல்லையிலிருந்து வந்த பஸ்ஸில் விஜயகலா ஒரு சாப்பாட்டுப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பெட்டிக்குள் சாப்பாடு இல்லை. ஒன்பது லிதியம் செல்கள் மூன்று மூன்றாகக் கட்டப்பட்டுக் கிடந்தன. ஓரத்தில் பொட்டு மாதிரி ஒரு சிவப்பு வெளிச்சம்.

பெட்டி உள்ளே இருப்பதெல்லாம் தெரியும் பிளாஸ்டிக். அழகுக்காக வாங்கியதல்ல. கம்பி தொங்கும் சாமானைத் துணியில் சுற்றிக்கொண்டு போகும் தமிழ்ப் பெண்ணுக்கு யுத்தம் நடக்கும் இந்த 2008ஆம் வருஷத்தில் என்ன நடக்கும் என்பது அவளுக்குத் தெரியும். ஒளித்தால்தானே சந்தேகம். எல்லாவற்றையும் வெளியே காட்டிவிட்டாள்.

பாலத்தடிச் சோதனைச் சாவடியில் சிப்பாய் குனிந்து பார்த்தான். அம்மா ரப்பர் வெட்டுவதற்கு லைட் என்று சிங்களத்தில் சொன்னாள். போன கிழமையும் இதையேதான் சொன்னாள். அவன் தன்னுடைய போனையும் இதில் சார்ஜ் போட முடியுமா என்று கேட்டான். முடியும் என்றாள். சிரிக்கவில்லை.

இந்தப் பெட்டி நிலாமின் போன் திருத்தும் கடையில் பிறந்தது. பௌதிகவியல் பட்டத்தை வைத்துக்கொண்டு வேலைக்கு எழுதிப் போட்டு அலுத்துப்போன பிறகு விஜயகலா அங்கேதான் போய் உட்கார்ந்தாள். கொழும்பிலிருந்து செத்த லெப்டொப் பெட்டரிகள் மூட்டையாக வரும். உடைத்தால் உள்ளே ஆறு செல். பல தடவை ஒன்றுதான் செத்திருக்கும். மற்ற ஐந்தையும் சேர்த்துக் குப்பையில் போட்டிருப்பார்கள்.

"எங்களையும் இப்படித்தான் போட்டு வச்சிருக்காங்க நானா," என்று ஒருநாள் நிலாமிடம் சொன்னாள்.

"தங்கச்சி, கையில சோல்டரிங் அயன் சுடுது. பேச்சக் கொறச்சிட்டு வேலையப் பாருங்க," என்றார் நிலாம்.

உயிரோடு இருந்த செல்களைப் பொறுக்கி, மீட்டரில் பார்த்து, ஒரு கிழமை சும்மா வைத்துத் திரும்பப் பார்த்து, இறங்காததை மட்டும் எடுத்துக் கட்டினாள். ஒரே பெட்டி. எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரிப் பிளக். விடியற்காலையில் அம்மா அழகம்மாவின் தலை லைட்டுக்கு. பகலில் அண்ணி நிரோஷாவின் தையல் மெசினுக்கு மேலே ஒரு லைட்டுக்கு. பின்னேரம் அண்ணன் சுரேந்திரனின் ரேடியோவுக்கும் போனுக்கும். இறங்கினால் அவளே கடைக்குக் கொண்டுபோய் ஏற்றி வருவாள். வேறு யாரும் ஏற்றக்கூடாது, கார் பெட்டரிச் சார்ஜரில் போட்டால் நெருப்புப் பிடிக்கும் என்று எல்லாரையும் மிரட்டி வைத்திருந்தாள்.

லயத்தில், தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில், டீவி வைத்திருப்பவர்கள் கார் பெட்டரியில்தான் பார்க்கிறார்கள். அதைச் சார்ஜுக்குக் கொண்டுபோக ஓர் ஆம்பிளையின் தோள் வேண்டும். இதற்கு ஒரு கை போதும்.

கரண்ட் இல்லாத தோட்டம் என்று நினைத்துவிட வேண்டாம். ஃபெக்டரிக்கு இருக்கிறது. தொரை பங்களாவுக்கு இருக்கிறது. கம்பி போகும் தூண்களில் இரண்டை லயத்து வாசலிலேதான் நட்டிருக்கிறார்கள். அதில் உடுப்புக் காயப்போடக் கயிறு கட்டியிருக்கிறார்கள். அந்தத் தூணைப் பார்க்கும்போதெல்லாம் விஜயகலா பல்லைக் கடிப்பாள்.

நாளை சனிக்கிழமை. தோட்ட வேலையை மேற்பார்க்கும் கண்டக்டர் ரப்பர் மரங்களின் பட்டை பார்க்க வருகிறார்.

பால்வெட்டும் கத்தி பட்டையைத் தாண்டி மரத்தில் பட்டால் அந்த இடம் முடிச்சு விழுந்துவிடும். பிறகு அங்கே பால் ஓடாது. போன முறை அழகம்மாவின் மரங்களில் அப்படிப் பல காயங்கள். இன்னொரு தரம் கண்டால் பால்வெட்டிலிருந்து எடுத்துப் புல்லு வெட்டப் போடுவேன் என்று காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் எல்லார் முன்னாலும் கண்டக்டர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். புல்லு வெட்டில் வேலை இருக்கும் நாள் இருக்கும், இல்லாத நாள் இல்லை. அதைவிட, கல்யாணத்துக்கு முந்தியே கத்தி பிடித்தவள் அழகம்மா. அந்தப் பெரட்டுக் களத்தில் அவளுக்கு மிச்சமாக இருந்தது பால்வெட்டுக்காரி என்ற பேர் ஒன்றுதான்.

கேட்டால் கத்தி சரியில்லை என்றாள். தான் வெட்டுவது பள்ளத்து மலை, விடிந்தும் நெடுநேரம் இருட்டாகவே கிடக்கிறது என்றாள். அதுவும் உண்மைதான். லைட் கிடைத்த இந்தக் கொஞ்ச நாளாகக் காயம் குறைந்திருந்தது. அதனால்தான் பெட்டரியை முழுசாக ஏற்றிக்கொண்டு விஜயகலா பஸ்ஸில் வந்தாள்.

*

பஸ் ரோட்டில் நிற்கும். ரோட்டோரம் மேட்டு லயம். படிக்கட்டு இறங்கினால் பள்ள லயம், அம்மாவின் ஒற்றை அறைக் காம்பரா.

மூன்று மாதத்துக்கு முன்வரை நால்வரும் கீழேதான் இருந்தார்கள். நிரோஷா பலாங்கொடைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துப் பெண். வரும்போதே தையல் மெசினோடு வந்தவள். டவுனில் றிஸ்மியா நடத்தும் உடுப்புக் கடைக்கு ஸ்கூல் யூனிஃபோம் தைத்துக் கொடுத்தாள். ஒருநாள் தைத்து அடுக்கியிருந்த வெள்ளைச் சட்டைகளுக்குப் பக்கத்தில் வைத்திருந்த, பால் சேர்க்காத சாயத் தேத்தண்ணியை அழகம்மாவின் கால் தட்டிவிட்டது. அடுக்கு முழுவதும் நாசம். நடுவீட்டில் பரப்பினால் அப்படித்தான் என்றாள் மாமியார். வேண்டுமென்றே தட்டினீங்க என்றாள் மருமகள். அந்தக் கிழமையே சுரேந்திரன் மேட்டு லயத்தில் காலியாக இருந்த காம்பராவுக்குச் சாமான்களைத் தூக்கினான். அதற்குப் பிறகு நிரோஷா படிக்கட்டு இறங்கவில்லை.

பெட்டரி மட்டும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

இன்றைக்கும் அண்ணி வாசலிலேயே நின்றாள். சட்டைகளை எடுக்க றிஸ்மியா திரீவீல் அனுப்புகிறாள், பொத்தான் காஜா கொஞ்சம் பாக்கி, வானம் வேறு மூடிக்கிடக்கிறது, கொஞ்ச நேரம் பெட்டியை வைத்துவிட்டுப் போ, அண்ணன் வந்ததும் கொடுத்து அனுப்புகிறேன் என்றாள். விஜயகலா கொடுத்துவிட்டு இறங்கிவிட்டாள்.

ஃபெக்டரியில் அன்றைக்கென்று வேலை இழுத்துவிட்டது. சுரேந்திரன் வரப் பிந்தினான். இருட்டத் தொடங்கியதும் விஜயகலாவே மேலே ஏறினாள்.

நிரோஷாவின் காம்பராவில் மஞ்சள் குங்குமம் வைத்த சாமி படத்துக்கு முன்னால் விளக்கு எரிந்தது. வெள்ளிக்கிழமை. தையல் முடிந்து, தரை கூட்டி, தலை வாரியிருந்தாள். பெட்டி மெசின் மேலே இருந்தது.

"எடுத்துட்டுப் போறேன் அண்ணி."

"விளக்கு வச்சாச்சு கலா."

"அதுக்கு?"

"வெள்ளிக்கிழம விளக்கு வச்ச பொறகு வீட்டுலருந்து வெளிச்சத்த வெளிய குடுக்க மாட்டேன்."

விஜயகலாவுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் கோபம் தலைக்கு ஏறியது. இது வெளிச்சம் இல்லை, பெட்டரி என்றாள். பூட்டி வைத்த சாமான், எரியவே இல்லை என்றாள். நிரோஷா பெட்டியின் ஓரத்தைக் காட்டினாள். சிவப்புப் பொட்டு எரிந்துகொண்டிருந்தது.

"எரியுதே."

"அது ஏத்தம் பாக்க வச்சது."

"எதுக்கு வச்சதா இருந்தாலும் எரியுது இல்ல?"

நிரோஷா சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் விஜயகலாவுக்கு லேசாக இருந்திருக்கும். கல்யாணமாகி வந்த முதல் வெள்ளிக்கிழமையை அண்ணி நிதானமாக ஞாபகப்படுத்தினாள். பக்கத்துக் காம்பராக்காரி நெருப்புப் பெட்டி கேட்டாள். நிரோஷா எடுத்துக் கொடுத்தாள். மாமி அதைப் பறித்து வாங்கி, வீட்டு லட்சுமியைத் தூக்கித் தெருவில் கொடுக்கிறாளே, இவளை என்ன சொல்லி வளர்த்தார்கள் என்று லயம் முழுவதும் கேட்கச் சொன்னாள். அந்த நாள் தொட்டு நிரோஷா வெள்ளிக்கிழமையில் உப்புக்கூடக் கொடுத்ததில்லை.

"மாமி போட்ட சட்டம். நான் மீறலாமா?"

"நாளைக்கு அம்மாவோட பேர வெட்டப் போறாங்க அண்ணி."

நிரோஷா விளக்குத் திரியைச் சரிசெய்தாள். 

அந்த நேரம் பார்த்து சுரேந்திரன் வந்தான். தங்கச்சி முகத்தையும் பெண்டாட்டி முகத்தையும் பார்த்துவிட்டுச் செருப்பைக் கழற்றாமலே நின்றான். விஜயகலா நியாயம் கேட்டாள்.

"உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல மாத்தி மாத்தி சொருக நான் என்ன பிளக்கா?" என்றான் அவன். "விடிஞ்சதும் நானே கொண்டாந்து குடுக்கிறேன்."

விடிந்த பிறகு லைட் எதற்கு என்று கேட்டுவிட்டு விஜயகலா இறங்கிப் போனாள்.

எந்த நேரம் யாருக்கு எவ்வளவு வேண்டும் என்று அவள் கணக்குப் போட்டிருந்தாள். செல் எவ்வளவு சூடாகலாம், எங்கே நிறுத்த வேண்டும், எல்லாம் போட்டிருந்தாள். வெள்ளிக்கிழமையைப் போடவில்லை.

*

அழகம்மா வாசல் கல்லில் கத்தி தீட்டிக்கொண்டிருந்தாள். நடந்ததை விஜயகலா சொன்னாள். அம்மா மருமகளைத் திட்டித் தீர்ப்பாள், தானும் சேர்ந்து திட்டலாம் என்று எதிர்பார்த்தாள்.

"அவ செஞ்சது சரிதான்," என்றாள் அழகம்மா.

"என்னம்மா சரி?"

"விளக்கு வச்ச வீட்டுல போயி வெளிச்சம் கேட்டியே, நீ படிச்ச புள்ளதானே?"

விஜயகலா கத்தினாள். ஃபெக்டரி விடிய விடிய எரிகிறது, அந்தக் கரண்டுக்கு வெள்ளிக்கிழமை தெரியாதா என்றாள். ஒரு பெட்டியை மூன்று பேருக்குப் பங்கு போடப் படித்த படிப்பெல்லாம் செலவழித்தேன், நீங்கள் இருவரும் ஒரு விளக்கைக் காட்டி அதை உட்கார வைத்துவிட்டீர்கள் என்றாள். அம்மா கேட்டுக்கொண்டே கத்தியின் வாயைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள்.

"லைட்டு இல்லாம இத்தன வருசம் வெட்டலயா? போயி ரொட்டியச் சுடு."

சொன்ன குரலில் தெம்பு இல்லை. கோபத்தில் இருந்த விஜயகலா அதைக் கவனிக்கவில்லை.

விடியுமுன் விஜயகலா எழுந்து போத்தல் விளக்குக்கு மண்ணெண்ணெய் ஊற்றினாள். காற்றில் இது நிற்காது என்பது இருவருக்கும் தெரியும். அழகம்மா வாளியை எடுத்தாள். கதவைத் திறந்தபோது படிக்கட்டில் வெளிச்சம் ஒன்று இறங்கி வந்தது.

நிரோஷாதான். மெசின் மேலே இருந்த லைட்டைக் கழற்றித் தலையில் கட்டியிருந்தாள். பெட்டரிக்கென்று அவளே தைத்த பை இடுப்பில் இருந்தது. படிக்கட்டின் நடுவில் சுரேந்திரன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"நான் குடுக்கல," என்றாள் நிரோஷா. "நான் மலைக்குப் போறேன். என் வீட்டு வெளிச்சம் என்கூட வருது."

அழகம்மா அவளைப் பார்க்கவில்லை. நடையைக் கட்டினாள். மருமகள் பின்னால் போனாள். மூன்று மாதத்துக்குப் பிறகு இருவரும் ஒரே பாதையில்.

*

நிரோஷாவுக்கு ரப்பர் தெரியாது. அந்தப் புளிச்ச வாடையே அவளுக்கு ஒத்துக்கொள்ளாது. மாமி செய்வதைப் பார்த்துக்கொண்டு லைட்டைப் பிடித்தாள். முதல் நாள் வெட்டில் காய்ந்து ஒட்டியிருந்த பாலை உரித்துக் கூடையில் போட்டாள் மாமி. சிரட்டையைத் துடைத்து வைத்தாள். பிறகு சரிந்து போகும் கோட்டில் கத்தியை வைத்து மெல்லியதாக ஒரு சீவல் எடுத்தாள். கோட்டு வழியே பால் வெள்ளையாக இறங்கிச் சிரட்டையில் சொட்டியது.

மூன்றாவது மரத்தில்தான் நிரோஷா கவனித்தாள். கத்திக்கு முன்னால் மாமியின் இடது கைப் பெருவிரல் போகிறது. விரல் கோட்டைத் தடவுகிறது, அதற்குப் பின்னால் கத்தி வருகிறது. துணி தைப்பவளுக்கு அது புதிதல்ல. இருட்டில் மடிப்புத் தைக்கும்போது அவளும் அப்படித்தான் தடவுவாள். ஆனால் இங்கே லைட் இருக்கிறதே.

"மாமி, வலது பக்கம் புடிக்கவா?"

"எந்தப் பக்கம்னாலும் சரி."

நிரோஷா லைட்டைத் தலையிலிருந்து கழற்றிக் கையில் எடுத்தாள். வலது பக்கம் போய் நேராக மாமியின் முகத்துக்குப் பிடித்தாள். இமை அசையவில்லை. இடது பக்கம் வந்தாள். மாமி முகத்தைச் சுளித்துத் தலையைத் திருப்பினாள்.

"மாமி, இந்தக் கண்ணு..."

"வெட்டுற நேரம் பேசாத. கோடு தப்பும்."

வெட்டி முடித்தாள். பால் ஓடத் தொடங்கும்வரை நின்றாள். கத்தியைச் சேலைத் தலைப்பில் துடைத்தாள். இரண்டு மூன்று தடவை துடைத்தாள்.

"ஒன்னு போயிருச்சு. மத்தது கொஞ்சம் மங்கல்."

"எப்பயிருந்து?"

"தேத்தண்ணி கொட்டுனதுக்கு முந்தியிருந்து."

அடுத்த மரத்துக்குப் போகும் பாதையில் நிரோஷா நின்றுவிட்டாள். வெள்ளைச் சட்டை அடுக்கு, பக்கத்தில் தேத்தண்ணி, பார்வையில்லாத வலது பக்கமாக வந்த மாமியின் கால். வேண்டுமென்றே தட்டினீங்க என்று அவள்தான் சொன்னாள். லயம் மாறியதும் அவளால்தான்.

"கண்ணு தெரியலன்னு அன்னைக்கே சொல்லியிருக்கலாமே மாமி."

"கெட்ட மாமியாருன்னு பேரு வந்தா வேலைய எடுக்க மாட்டாங்க. கண்ணு தெரியாதவன்னு பேரு வந்தா அடுத்த நாளே எடுத்துருவாங்க."

நிரோஷா அடுத்த மரத்துச் சிரட்டையைத் துடைத்து வைத்தாள்.

"கலாவுக்கு..."

"மூச்சு விடாத. அவ சத்தம் போடுவா. தொரை பங்களா வரைக்கும் கேக்கும்."

நிரோஷாவுக்குச் சிரிப்பு வந்தது. அழுகையும் பக்கத்தில் நின்றது. லைட்டைத் திரும்பத் தலையில் கட்டிக்கொண்டு மாமியின் இடது பக்கம் போய், நிழல் விழாமல், கோட்டில் மட்டும் வெளிச்சம் விழும்படி நின்றாள். மெசினில் ஊசிக்கு எப்படி வைப்பாளோ அப்படி.

"கொஞ்சம் மேல போவுது மாமி. இப்ப சரி. அப்படியே விடுங்க."

"தேயிலக்காரி எனக்கு ரப்பர் பழக்குறா," என்றாள் அழகம்மா. ஆனால் கத்தியை அவள் சொன்ன இடத்தில்தான் வைத்தாள்.

விடிந்து மலைக்குள் மங்கலாக வெளிச்சம் இறங்கியபோது கண்டக்டர் வந்தார். கூடவே காத்தமுத்து கங்காணி. கண்டக்டர் மரம் மரமாகக் குனிந்து, புது வெட்டை நகத்தால் கீறிப் பார்த்தார். கங்காணியும் கூடக் கூடக் குனிந்தார். அழகம்மா கத்தியைப் பின்னால் பிடித்துக்கொண்டு நேராக நின்றாள். எந்தக் கண்ணால் பார்க்கிறாள் என்று யாருக்கும் தெரியாதபடி எதிர்மலையைப் பார்த்தாள்.

புது வெட்டில் காயம் ஒன்றும் இல்லை.

கண்டக்டர் நிமிர்ந்து, இது யார், பேர் இல்லாத ஆள் மலையில் என்ன செய்கிறது என்று கேட்டார். நிரோஷா சிங்களத்தில் பதில் சொன்னாள். மாத்தயா என்று மரியாதையாகக் கூப்பிட்டு, மருமகள் நான், வேலை பழக வந்திருக்கிறேன் என்றாள். பழக வருபவர்களுக்குப் பேர் போட்டுச் சம்பளம் கொடுக்க முடியாது என்றார் அவர். பேர் வேண்டாம் என்றாள். அவர் அவள் இடுப்புப் பையையும் தலை லைட்டையும் ஒருமுறை பார்த்தார். மாதக் கடைசியில் திரும்ப வருவேன், பழைய காயங்களையும் அப்போது பார்க்கிறேன் என்று கங்காணியிடம் சொல்லிக்கொண்டே அடுத்த மலைக்கு ஏறினார்.

அவர் தலை மறைந்த பிறகுதான் அழகம்மா கத்தியை முன்னால் எடுத்தாள்.

*

பாலை எடை போட்டுக் கொடுத்துவிட்டு இருவரும் சேர்ந்து வந்ததை விஜயகலா வாசலிலிருந்து பார்த்தாள். காயம் இல்லையாம் என்ற செய்தி முன்னாலேயே வந்துவிட்டது. ரொட்டியையும் சம்பலையும் பலகையில் வைத்துத் தேத்தண்ணி ஊற்றினாள். நிரோஷா இந்த வீட்டுக்குள் வந்து பழைய இடத்தில் உட்கார்ந்தாள். யாரும் அதைப் பெரிதாக்கவில்லை.

விஜயகலா பெட்டியைத் திறந்து மீட்டரை வைத்துப் பார்த்தாள். கொஞ்சம்தான் இறங்கியிருந்தது. முகம் தெளிந்தது. ராத்திரி போட்ட சத்தத்துக்கு மன்னிப்புக் கேட்கும் பழக்கம் அவளுக்கு இல்லை. அதற்குப் பதிலாக வேறொன்று சொன்னாள். நிலாம் நானாவுக்கு இன்னொரு மூட்டை வந்திருக்கிறதாம். அதில் நல்ல செல் பொறுக்கி இரண்டாவது பெட்டி கட்டப் போகிறாளாம். அது அம்மாவுக்கு மட்டும், இந்த வீட்டிலேயே இருக்கும். இனி வெள்ளிக்கிழமைச் சண்டையும் இல்லை, அண்ணி இருட்டில் படிக்கட்டு இறங்கவும் தேவையில்லை.

 அழகம்மா ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே இருந்தாள், வாயில் வைக்கவில்லை.

"ரெண்டாவது வேணாம் கலா," என்றாள் நிரோஷா.

"போன கிழம ஒன்னு பத்தலன்னு சொன்னது நீங்கதானே அண்ணி?"

"சொன்னேன். இப்ப ஒன்னு போதும்."

"அப்ப தெனமும் விடியக்காலம் நீங்களே தூக்கிட்டு வருவீங்களா?"

"வருவேன்."

"எதுக்கு?"

நிரோஷா மாமியைப் பார்த்தாள். மாமி தேத்தண்ணிக்குக் கையை நீட்டினாள். கை தம்ளருக்கு ஒரு சாண் தள்ளி வெறும் பலகையில் பட்டது. அங்கேயே ஒரு கணம் நின்றது.

நிரோஷா தம்ளரை அந்தக் கைக்குள் நகர்த்தி வைத்தாள்.

விஜயகலாவின் கையில் மீட்டர் இன்னும் இருந்தது. அதில் எண்கள் ஓடிக்கொண்டிருந்தன. அவள் அவற்றைப் பார்க்கவில்லை. அம்மாவின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.